ரிச்மண்ட் தீயில் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்பு உள்ளங்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் ரிச்மண்டிலிருந்து எழுதுகிறேன். 2023 ஏப்ரல் 11, செவ்வாய்க்கிழமை பிற்பகல். வானம் ஒரு பக்கம் கறுத்திருந்தது. மழை வருகிறதென்று அம்மா கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனார். மழை இல்லை. ஒரு காலத்தில் தோட்டக் கருவிகள் செய்த பழைய தொழிற்சாலை எரிந்துகொண்டிருந்தது. மறுசுழற்சிக்கென்று அங்கே மலைமலையாகப் பிளாஸ்டிக்கைக் குவித்து வைத்திருந்தார்கள்.

சுற்றி அரை மைலுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. சுமார் 2,000 பேர். எங்கள் கதவைத் தட்டிய போலீஸ்காரருக்கு முதல் நன்றி. அம்மாவுக்கு மூச்சிளைப்பு உண்டு என்றதும், இன்ஹேலர் எடுத்தாயிற்றா, மாத்திரை எடுத்தாயிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நாங்கள் காரில் ஏறும்வரை வாசலிலேயே நின்றார்.

தீயணைப்பு வீரர்களுக்கு என்ன சொன்னாலும் போதாது. பிளாஸ்டிக் குவியல்கள் வழியை அடைத்துக் கிடந்ததால், முதலில் ஒரு பக்கத்திலிருந்துதான் அவர்களால் தீயை நெருங்க முடிந்தது. அந்தக் கரும்புகைக்குள் இரவு பகலாக நின்று வியாழக்கிழமைக்குள் பெருந்தீயை அடக்கிவிட்டார்கள். அப்புறமும் புகைந்த இடங்களை விடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் பள்ளத்தில் விழுந்து கணுக்காலில் அடிபட்டுக்கொண்டார். ஐயா, உங்கள் கால் நன்றாக ஆகியிருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறார். ஊரில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. வீடுகளுக்கு நடுவே இவ்வளவு பிளாஸ்டிக்கைச் சேரவே விட்டிருக்கக் கூடாது என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அதை இன்னொரு கடிதத்தில் எழுதிக்கொள்கிறேன்.

போக இடமில்லாதவர்களுக்குத் தேவாலயத்தில் படுக்க இடமும் சாப்பாடும் தந்த செஞ்சிலுவைச் சங்கத்தாருக்கும் நன்றி.

பக்கத்து ஓஹியோ மாநிலத்தில் டேட்டன் நகரில் இருக்கும் அக்கா, அண்ணா, உங்களுக்கு என்ன எழுத? போன் செய்தபோது, "கேட்கணுமா? கிளம்பி வாங்க" என்றீர்கள். ஐந்து நாள் உங்கள் படுக்கையறையை எங்களுக்கு விட்டுவிட்டு ஹாலில் படுத்தீர்கள். அந்த வெள்ளிக்கிழமை சோபகிருது வருடப் பிறப்பு. அம்மா ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த வேப்பம்பூ டப்பா ரிச்மண்ட் வீட்டிலேயே தங்கிவிட்டது. அக்கா அடுத்த தெருவில் கேட்டு ஒரு கைப்பிடி வாங்கி வந்து, நெய்யில் வறுத்து மாங்காய்ப் பச்சடியில் போட்டார். தட்டில் முதல் கரண்டி விழுந்ததும் அம்மா அழுதுவிட்டார். செவ்வாயிலிருந்து அதுவரை அவர் அழவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, 16ஆம் தேதி, வீடு திரும்பலாம் என்றார்கள். புல்வெளியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிய சில்லு ஒன்று கிடந்தது. என் மகன் குனிந்து எடுக்கப் போனான். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுப் பாட்டி போட்ட சத்தத்தில் கையை இழுத்துக்கொண்டான். காற்றில் பறந்து வந்து விழுந்த சில்லுகளைப் பரிசோதித்ததில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருந்தது. தொடாதீர்கள், புல் வெட்டாதீர்கள் என்று எச்சரித்திருந்தார்கள். பாட்டி, உங்களுக்கும், பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து அந்தச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனவர்களுக்கும் கோடி நன்றி.

அம்மா அடுத்த மாதம் ஊருக்குத் திரும்புகிறார். வேப்பம்பூ டப்பா இன்னும் திறக்காமல் அலமாரியில் இருக்கிறது. அதை அக்கா கையில் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்கிறார். வருகிற சனிக்கிழமை டேட்டனுக்கு வருகிறோம்.

அன்புடன்,
ரிச்மண்டிலிருந்து உங்கள் தம்பி குடும்பம்