மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த மெஷின்

மணலி புதுநகர்
மார்கழி 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் பனிக்காலத்தில் கொஞ்சம் கூடுதல். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தாலே நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மாப்பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் காகிதம். படித்துவிட்டு நீயே அவரிடம் பக்குவமாகச் சொல்.

போன பொங்கலுக்கு அவர் வாங்கிக் கொடுத்தாரே புல் வெட்டும் மெஷின், அதை நான் இப்போது எடுப்பதில்லை. எண்ணெயெல்லாம் வடித்து, துடைத்து, மாடிப்படிக்குக் கீழே சாக்கு போட்டு வைத்திருக்கிறேன். ரிப்பேர் இல்லை. நான்தான் நிறுத்திவிட்டேன்.

மெஷின் மேல் குறை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. 32 வருஷம் பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில், இரும்பு காய்ச்சி அடிக்கிற ஸ்மித் ஷாப்பில் நின்றவன், மெஷின் சோறு தின்றவன். முதல் தடவை அதைத் தோளில் மாட்டியபோது எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில் அளந்து கலந்து, கயிற்றை இழுத்தால் ஒரே உறுமல். பின்பக்கம் முழுக்க நாற்பது நிமிஷத்தில் மொட்டை. உன் அம்மா கிணற்றடியில் நின்று, காதைப் பொத்திக்கொண்டு, "சினிமாவில் ஹெலிகாப்டர் வந்து இறங்கின மாதிரி இருக்கு" என்றாள்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. பால்காரர் மாட்டுக்கு எப்போதும் நம் புல்லைக் கட்டிக் கொடுப்போம், உனக்குத் தெரியும். மெஷின் வெட்டிய புல்லைக் கட்ட முடியாது. சின்னாபின்னமாகி, சுவர் முழுக்கச் சட்னி தெறித்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். வாரிக் கூடையில் போட்டுக் கொடுத்தால் மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பெட்ரோல் வாடை. அதோடு நுனியில் சுற்றுகிற நைலான் நரம்பு தேய்ந்து தேய்ந்து புல்லுக்குள்ளேயே துண்டு துண்டாக விழுகிறது. மாட்டு வயிற்றுக்குள் அது போனால் யார் பதில் சொல்வது?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நீ நட்ட கறிவேப்பிலைக் கன்றுதான் மனதை உறுத்திவிட்டது. அதன் காலடியில் புல் அடர்ந்திருந்தது. ஓரமாகப் போகலாம் என்று மெஷினைச் சாய்த்தேன். நரம்பு தண்டைச் சுற்றி ஒரு தடவை தடவியது, அவ்வளவுதான். விரல் தடிமன் தண்டு, அதன் தோல் வளையம் போல உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. நரம்புதானே என்று விட்டுவிட்டேன். இலையில் சமைத்த சாப்பாடு வேருக்கு இறங்குவது அந்தத் தோல் வழியாகத்தான். சுற்றிலும் உரிந்தால் வேர் பட்டினி. மேலே கொஞ்ச நாள் பச்சையாகவே நிற்கும், நாமும் பிழைத்துவிட்டது என்று நினைப்போம். இரண்டு மாதத்தில் சுள்ளி. நீ வீடியோ காலில் கேட்டபோதெல்லாம் கேமராவை முருங்கைப் பக்கம் திருப்பினேன். மன்னித்துக்கொள்.

அன்றைக்கு உன் அம்மா எதுவும் சொல்லவில்லை. பரணிலிருந்து அவளுடைய கருக்கரிவாளை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். பொன்னேரிப் பக்கம் அவள் ஊரிலிருந்து பாட்டி கொடுத்துவிட்டது. துரு ஏறி, பிடி ஆடிக்கொண்டிருந்தது.

இங்கேதான் நான் பெரிய புத்திசாலித்தனம் செய்தேன். பிளக் பாயின்டில் மாட்டுகிற கிரைண்டர் இருக்கிறதே, அதில் கொண்டுபோய்ப் பிடித்தேன். பொறி பறந்தது, பார்க்க அழகாக இருந்தது. நிறுத்திப் பார்த்தால் விளிம்பில் ஒரு நீலக்கோடு. பாப்பா, அந்த நீலத்தை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே படித்தவன். பதம் வைத்த இரும்பைச் சூடாக்கினால் முதலில் வைக்கோல் நிறம் வரும், பிறகு பழுப்பு, பிறகு ஊதா. 300 டிகிரிப் பக்கம் போனால் நீலம். ஸ்பிரிங்குக்கு அந்த நீலம் நல்லது, வளைந்து கொடுக்கும். அறுக்கிற விளிம்புக்கு அது சாவு. பதம் இறங்கி, நான்கு பிடி புல்லுக்குள் மழுங்கிவிடும். அது போதாதென்று கருக்கரிவாளின் கருக்கையே தேய்த்து எடுத்துவிட்டேன். அதை யாராவது கிரைண்டரில் காட்டுவார்களா? அந்தப் பல்தானே புல்லைப் பிடிக்கிறது.

"32 வருஷம் இரும்போட குடும்பம் நடத்தின ஆளு!" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

செங்குன்றம் போகிற ரோட்டோரம் ஒரு குடும்பம் கூடாரம் போட்டுப் பட்டறை வைத்திருக்கிறது, வடக்கேயிருந்து வந்தவர்கள். அங்கே எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா ஊதுலைச் சக்கரத்தைச் சுற்றுகிறாள், இடுப்பில் குழந்தை. அவர் அரிவாளைத் திருப்பிப் பார்த்தார், நீலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். மொழி தேவைப்படவில்லை. சிவக்கக் காய்ச்சி, விளிம்பைத் தட்டி மெலிதாக்கி, சாம்பலில் புதைத்து ஆறவிட்டார். இரும்பு இளகி இருக்கும்போதுதான் பல் வெட்ட முடியும். சின்ன உளி, சின்னச் சுத்தி. டக், டக், டக் என்று ஒரு தட்டுக்கு ஒரு பல், கண்ணை எடுக்காமல். கோடு போட்டுக்கொள்ளவில்லை, அளவுகோலும் இல்லை. எல்லாம் ஒரே இடைவெளி. பிறகு மறுபடி காய்ச்சித் தண்ணீரில் முக்கினார். சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்து, அது தானாக விளிம்புக்கு ஏறி வைக்கோல் நிறம் வருகிற வரைக்கும் காத்திருந்து, டப்பென்று முழுக்க முக்கினார். நாங்கள் உலை, வெப்பமானி, எண்ணெய்த் தொட்டி என்று செய்த வேலை அது. இவர் கண்ணால் செய்துவிட்டார். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த, பல் இல்லாத சாதா அரிவாள் ஒன்றும் வாங்கிக்கொண்டேன்.

அறுக்கக் கற்றுக்கொடுத்தது அம்மாதான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தபடியே அதிகாரம். குந்தி உட்கார எனக்கு முடியாது, கூட்டுகிறவர்கள் வைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி குட்டி மணைப் பலகை ஒன்று செய்துகொண்டேன். இடது கையால் புல்லை ஒரு பிடி பிடித்து, கட்டை விரல் மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். அரிவாளை வெட்டக் கூடாது, இழுக்க வேண்டும். தன் பக்கமாக, தரையோடு, மெதுவாக. வேகமாகச் செய்கிறவனுக்குச் சுண்டு விரல் போகும். எனக்கு இரண்டு தடவை போனது, ஆழமில்லை.

விடியற்காலம்தான் நல்ல நேரம். மார்கழிப் பனியில் புல் நனைந்து கனத்து நிற்கும், அரிவாளுக்கு எதிர்த்து நின்று கொடுக்கும். ஒன்பது மணிக்கு மேல் காய்ந்துவிட்டால் வழுக்கிச் சாய்கிறது. ஆறிலிருந்து எட்டு வரை அறுப்பேன். மெஷினுக்கு நாற்பது நிமிஷம், எனக்கு நான்கு நாள். இதை மறைக்கவில்லை. ஸ்கூல் மைதானம் மாதிரி இடத்துக்கு மெஷின்தான் சரி. நமக்கு இருப்பது அரை கிரவுண்ட், எனக்கு இருப்பது ரிட்டயர்மென்ட்.

உட்கார்ந்து அறுத்தால் எது புல், எது புல் இல்லை என்று தெரிகிறது. கீழாநெல்லி, மூக்கிரட்டை, தும்பை எல்லாம் இருக்கின்றன. அம்மா "அதை விடு, இதை விடு" என்று திண்ணையிலிருந்து கத்துவாள். அருகம்புல்லை வியாழக்கிழமை அறுப்பதில்லை, வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுப் பாட்டி பிள்ளையாருக்குப் பறிக்க வருவார். மழைக்காலத்தில் ஒரு சாரை வந்தது. நான் பிடித்த பிடிக்கு ஒரு முழம் தள்ளி, நிதானமாகச் சுவரோரம் போய்விட்டது. மெஷின் ஓடியிருந்தால் அதுவும் சட்னி.

கோரைக்கு மட்டும் அரிவாள் ஆகாது, மெஷினும் ஆகாது. 2021 நவம்பரில் பூண்டி ஏரித் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் வந்து நம் தெருவுக்குள் நின்றதே, வண்டல் விட்டுப் போனது, அதிலிருந்து பின்பக்கம் முழுக்கக் கோரைதான். மேலே வெட்டினால் நாலு நாளில் ஊசி மாதிரி எழுந்துவிடும். மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது, களைக்கொத்தால் தோண்டினால் கறுப்புக் கிழங்கு ஒன்றோடு ஒன்று நூல் கட்டிக்கொண்டு மாலை மாதிரி வரும். ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி குடும்பம் வைத்துவிடும். கழுவிக் காயப்போட்டிருக்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று காசு கொடுத்து வாங்குவது இதைத்தான். சின்ன வயதில் நீ "மண் வாசனைப் பொடி" என்பாயே, அந்தக் குளியல்பொடிக்கு. அம்மா உனக்கு அரைத்து வைக்கப் போகிறாள்.

நீ அனுப்பிய வீடியோவை ஒன்பது தடவை பார்த்தேன். ஆஸ்திரியா மலையில் அந்தத் தாத்தா நின்றபடியே ஆள் உயரக் கம்பில் நீள அரிவாளை வீசி அறுக்கிறாரே, அதை. அவரும் விடியற்காலைப் பனியில்தான் அறுக்கிறார், கவனித்தாயா? மரக்கட்டையில் உட்கார்ந்து, சின்னப் பட்டடையில் விளிம்பைக் காய்ச்சாமல் பச்சையாகவே தட்டி மெலிதாக்குகிறார். அதற்கு டெங்கெல்ன் என்று பேர் என்றாய். அவர்கள் இரும்பு கொஞ்சம் இளகின பதம், அதனால் தட்டினால் விரிகிறது. நம் லாரிப் பட்டையை அப்படித் தட்டினால் விளிம்பு வெடித்துவிடும். அந்த நீள அரிவாள் நமக்கு வேண்டாம், நம் கொல்லையில் செங்கல் துண்டும் ஓஸ் பைப்பும் கிடக்கிற இடத்தில் ஒரு வீச்சுக்கு மேல் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஜெர்மனியில் புல் மெஷினே ஓட்டக் கூடாது என்று நீ சொன்னதையும் மாப்பிள்ளைக்கு ஞாபகப்படுத்து. அவர் ஊர்ச் சட்டத்தைத்தான் நான் ஏழு நாளும் கடைப்பிடிக்கிறேன் என்று சொல். சிரித்துவிடுவார்.

அந்தத் தாத்தா இடுப்பில் தண்ணீர் ஊற்றிய தகரக் கூடு ஒன்று கட்டியிருந்தார், உள்ளே படகு மாதிரி ஒரு சாம்பல் நிறக் கல். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எடுத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்கிறார். என் சாதா அரிவாளுக்கு அந்தக் கல் ரொம்பப் பொருந்தும். இங்கே கிடைக்கிற சாணைக்கல் முரடு. சித்திரையில் வரும்போது ஒன்று வாங்கி வா. கைப்பையில் வைக்காதே, ஏர்போர்ட்டில் கேள்வி கேட்பார்கள், பெட்டிக்குள் துணிக்கு நடுவில் வை.

புதுக் கறிவேப்பிலைக் கன்று மாதவரத்து நர்சரியிலிருந்து கொண்டுவந்து அதே இடத்தில் வைத்திருக்கிறேன். சுற்றிலும் ஒரு முழத்துக்குக் கையாலேயே பிடுங்குகிறேன், அரிவாள்கூட இல்லை.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மா சொல்கிறாள், கல் இரண்டாக வாங்கி வரணுமாம். ஒன்று அவளுடைய அரிவாள்மணைக்கு. அதைக் கிரைண்டர் இருக்கிற பக்கமே நான் கொண்டுபோகக் கூடாதாம்.