ஞாயிறு பேச்சு: ஐரினா ட்வீடி

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு சூஃபி ஆசிரியர் ஐரினா ட்வீடியைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன், பெயரே கேள்விப்படாதவர்களுக்காக இந்தக் குறிப்பு. 1907இல் ரஷ்யாவில் பிறந்தவர், வியன்னாவிலும் பாரிஸிலும் படித்தவர், பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியின் மனைவி. 1954இல் கணவர் இறந்ததும் இடிந்துபோனவர், எல்லா மதங்களின் உட்பொருளையும் தேடும் பிரம்மஞான சபையில் (தியோசாபிகல் சொசைட்டி) சேர்ந்தார் (அதன் தலைமையிடம் நம் அடையாறுதான்). அப்புறம் இந்தியா வந்து, 1961இல் கான்பூரில் தன் குருவான பாய் சாகிப்பைச் சந்தித்தபோது வயது 54. குரு இந்துக் குடும்பத்தவர், மரபோ இஸ்லாமிய ஆன்மிக வழிகளில் ஒன்றான நக்‌ஷ்பந்தி சூஃபி. இதை மட்டுமே ஒரு மணி நேரம் பேசலாம்!

யோகம் கற்கலாம் என்று போன ட்வீடியை, அவருடைய மனத்தின் இருட்டையே பார்க்க வைத்தார் குரு, நடப்பதையெல்லாம் நாட்குறிப்பாக எழுதவும் சொன்னார், பிறகு அது பெரிய புத்தகமாகவே வந்தது. குருவின் கடுமை எனக்கு உறுத்தத்தான் செய்கிறது, அதையும் பேசுவோம். 1966இல் குரு மறைந்தபின் ட்வீடி லண்டனில் தியானக் குழு நடத்தி, பலருக்கு ஆசிரியராக இருந்து, 1999இல் 92 வயதில் மறைந்தார்.

சரி, இணைப்பைச் சனிக்கிழமை இரவு அனுப்புகிறேன். தாமதமாக வருகிறவர்கள் மைக்கை அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள், போன வாரம் யார் வீட்டுக் குக்கரோ ஐந்து விசில் அடித்தது.