பாதியில் நிற்கும் கிறிஸ்துமஸ் வேலைகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் ஜோயலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் போனில், "ஜூலை மாசத்துல யாராவது கிறிஸ்துமஸ் வேலையக் கையில எடுப்பாங்களாம்மா?" என்று கேட்டுச் சிரித்தாய். எடுக்க வேண்டிய மாதமே இதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் ஜோயல் போனைப் பிடுங்கிக்கொண்டான். அதனால் எழுத்தில் சொல்கிறேன். நீ ஆசையாக ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டுப் போன கைவேலைகள் எல்லாம் அந்தப் பெரிய பெட்டியில்தானே கிடந்தன? எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டேன். சிலதை உனக்கு அனுப்புகிறேன். சிலதை நானும் அப்பாவும் முடிக்கிறோம். ஒன்றிரண்டை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

முதலில் ஜோயலின் கிறிஸ்துமஸ் காலுறை. அவன் வயிற்றில் இருக்கும்போது நீ ஆரம்பித்த கிராஸ் ஸ்டிட்ச் வேலை அது, கட்டத்துக்குக் கட்டம் பெருக்கல் குறி மாதிரித் தைப்போமே, அது. இப்போது ஓடி விளையாடுகிறான். இந்த வருஷம் தொங்கவிட்டால் "இது என்னுது" என்று தானே சொல்கிற வயசு. அதனால் மற்ற எது நின்றாலும் இது நிற்கக் கூடாது.

ஒரு கணக்குப் பார்த்தேன், கேள். நீ எடுத்திருப்பது 14 கவுன்ட் ஐடா துணி, அதாவது அங்குலத்துக்கு 14 கட்டம். காலுறை 6 அங்குல அகலம், 10 அங்குல உயரம். குறுக்கே 84, நெடுக்கே 140, மொத்தம் 11,760 கட்டம். பாதத்தின் வளைவில் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், அது போகட்டும். ஏறக்குறையப் பாதி முடித்திருக்கிறாய். மீதி சுமார் 5,900 தையல். நிறம் மாற்றுவது, நூல் கோர்ப்பது, கட்டம் எண்ணுவது எல்லாம் சேர்த்து மணிக்கு 100 தையல் போட்டால் 59 மணி நேரம் ஆகும். டிசம்பர் ஒன்றாம் தேதி உட்கார்ந்தாய் என்றால் மூன்று வாரத்துக்குத் தினமும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் போட வேண்டும். வேலைக்கும் போய், சின்னப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு யாரால் முடியும்? இப்போது ஆரம்பித்தால் தினமும் அரை மணி நேரம் போதும். 118 நாளில் முடிந்துவிடும். ஜூலை முதல் நவம்பர் முடிய 153 நாள். அவனுக்குச் சளி பிடிக்கிற நாள், உனக்குக் கண் சொக்குகிற நாள், ஊருக்குப் போகிற நாள் எல்லாவற்றுக்கும் அந்த இடைவெளியில் இடம் இருக்கிறது.

ஆனால் எடுத்தவுடனே ஊசியைக் குத்திவிடாதே. இவ்வளவு நாள் கழித்து எடுக்கிற வேலையில் எந்தக் கட்டத்தில் நிறுத்தினோம் என்பது கைக்கு ஞாபகம் இருக்காது. கடைசியாகப் போட்ட இரண்டு மூன்று வரிசையை டிசைன் தாளோடு வைத்து எண்ணிப் பார். நான் எண்ணிய வரையில் சரியாகத்தான் இருக்கிறது. முடிந்த பகுதியைத் தாளில் மஞ்சள் பென்சிலால் லேசாகத் தீட்டியிருக்கிறேன், நீயும் ஒருமுறை பார்த்துக்கொள். ஒரு கட்டம் தள்ளியிருந்தால்கூட மேலே போகப் போக அது தேவதையின் சிறகு வரைக்கும் கோணலாக வந்து நிற்கும். துணியை இறுக்கிப் பிடிக்கிற தையல் வளையத்திலிருந்து எடுத்துவிட்டேன். வட்டமாக மடிப்பு விழுந்திருக்கிறது, கவலைப்படாதே, கடைசியில் அலசும்போது பெரும்பாலும் போய்விடும். இனி ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடு. ஊசியையும் துணியில் குத்தியே வைக்காதே, துரு பிடித்தால் அந்தக் கறை போகவே போகாது.

சிவப்பு நூல் தீரப்போகிறது. அது டிஎம்சி கம்பெனி நூல், நிற எண் 321. ஒரு கண்டில் 8 மீட்டர் நூல், ஒவ்வொன்றிலும் ஆறு இழை. இந்தத் துணிக்கு இரண்டிரண்டு இழையாகப் பிரித்துத் தைப்பதால் ஒரு கண்டு 24 மீட்டர் வேலைக்கு வரும். எத்தனை கண்டு தேவையோ அத்தனையையும் ஒரே தடவையில் இப்போதே வாங்கிவிடு. எண் ஒன்றாக இருந்தாலும் வேறு வேறு சமயத்தில் சாயம் போட்ட கண்டுகள் மயிரிழை வித்தியாசப்படலாம். பெரிய சிவப்புப் பரப்பில் அந்தக் கோடு கண்ணைக் குத்தும்.

இப்போது பெயருக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு ரொம்ப ஆசை. டிசைன் தாளில் ஆங்கில எழுத்துக்கு மட்டும்தான் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பேரனின் பெயர் தமிழில் இருக்கட்டுமே என்று நானே கிராஃப் தாளில் வரைந்து பார்த்தேன். ஆங்கிலப் பெரிய எழுத்தில் பலவும் நேர்கோடுதான், கட்டத்துக்குள் சொன்னபடி உட்காரும். நம் எழுத்து முழுக்க வளைவும் சுழியும். சின்னதாகப் போட்டால் 'ஜ' என்ன எழுத்தென்றே தெரியவில்லை. பல தடவை அழித்து வரைந்து, கடைசியில் உயரத்துக்கு 14 கட்டம் கொடுத்தபோதுதான் சுழி சுழியாகத் தெரிந்தது. 'ஜோ'வுக்கே மூன்று உருவம் வேண்டும், முன்னால் இரட்டைச் சுழிக் கொம்பு, நடுவில் ஜ, பக்கத்தில் கால். அப்புறம் ய, ல். கொம்புக்கு 10 கட்டம், ஜ-வுக்கு 14, காலுக்கு 9, ய-வுக்கும் ல்-க்கும் 11 வீதம், நடுவில் இரண்டிரண்டு கட்டம் இடைவெளி. மொத்தம் 63. மேல்பட்டை 84 கட்டம், அதனால் இடது பக்கம் 10, வலது பக்கம் 11 விட்டு ஆரம்பித்தால் நடுவில் நிற்கும். ல் மேலே புள்ளி வர வேண்டும், அதற்கு மேல் விளிம்பில் மூன்று வரிசை காலியாக விட்டிருக்கிறேன், அதை மறந்து நிரப்பிவிடாதே. வளைவுகள் படிக்கட்டு மாதிரித் தெரிந்தால் எல்லாம் முடிந்த பிறகு ஓரத்தில் ஒற்றை இழையில் பின்தையல் ஓட்டு, எழுத்து உருண்டு வந்துவிடும். கிராஃப் தாளைக் காலுறையோடு மடித்து வைத்திருக்கிறேன்.

தையல் முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில், மென்மையான சோப்பில் அலசு. சிவப்புச் சாயம் கசிந்தால் தண்ணீர் தெளியும் வரைக்கும் அலசிக்கொண்டே இரு, சாயம் இருக்கும்போது காயவிடாதே. அலசாமல் இஸ்திரி போடவே கூடாது, அழுக்கும் எண்ணெய்க் கறையும் சூட்டில் துணியோடு பிடித்துக்கொள்ளும். தடிமனான துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கமாகத் தேய்த்தால் தையல் நசுங்காது. அதற்கு அப்புறமும் வேலை இருக்கிறது, உள்துணி, பின்துணி, தொங்கவிட நாடா. முக்கால்வாசிப் பேர் தையலை முடித்துவிட்டு இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். நவம்பர் கடைசி வாரத்தை இதற்கென்றே ஒதுக்கி வை.

காலுறையைத்தான் பெரிதாகச் சொன்னேன், மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

நீ துணியில் தைத்துக்கொண்டிருந்த, கிறிஸ்துமஸ் வரைக்கும் நாளுக்கு ஒரு பையாகத் திறக்கிற அட்வென்ட் நாள்காட்டியை நான் எடுத்துக்கொண்டேன். 24 பையில் எண் தைக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குக் கெடு டிசம்பர் 25 இல்லை. டிசம்பர் முதல் தேதி காலையில் முதல் பையில் குழந்தை கையை விட வேண்டும், உன் வீட்டுக்கு வந்து சேரவும் நாள் பிடிக்கும். அக்டோபருக்குள் முடித்து அனுப்புகிறேன். எந்த வேலையை முதலில் எடுப்பது என்று எப்போதாவது குழம்பினால் இப்படித்தான் பார்க்க வேண்டும், எது முதலில் மாட்டப்பட வேண்டுமோ, எது தபாலில் போக வேண்டுமோ அதுதான் முதல்.

காகித நட்சத்திரம் அப்பாவிடம் போய்விட்டது. நீ ஆரம்பித்தது மொரேவியன் நட்சத்திரம் என்று சொன்னதும் மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டது. 1830-களில் ஜெர்மனியில் மொரேவியன் என்ற கிறிஸ்தவ சபையார் நடத்திய பள்ளியில் கணக்குப் பாடத்துக்காகச் செய்யப்பட்டதாம் அது. அடியில் இருக்கிற உருவத்துக்கு 26 முகம், 18 சதுரம், 8 முக்கோணம். மேலே இருக்கிற ஒரு சதுரத்தை விளக்கு உள்ளே போக விட்டுவிட்டால் 17 நாற்பக்கக் கூம்பும் 8 முப்பக்கக் கூம்புமாக 25 முனை. நீ செய்து வைத்திருந்த கூம்புகளை அப்பா வகை பிரித்து எண்ணிவிட்டார், நாற்பக்கக் கூம்புதான் குறைகிறது. மடிக்கிற கோட்டில் எழுதாத பேனா முனையால் முதலில் அழுத்திக் கீறிக்கொண்டால் மடிப்பு சுத்தமாக வருகிறது என்கிறார். ஒட்டிய பசை முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்ததை ஒட்டுகிறார். டிசம்பராக இருந்தால் இந்தப் பொறுமைக்கு ஏது இடம்?

குடிலுக்கு நீ செய்த களிமண் உருவங்களில் மாடும் கழுதையும், குழந்தையைக் கிடத்துகிற தீவனத் தொட்டியான முன்னணையும் முழுசாக இருக்கின்றன. மேய்ப்பர் ஒருவருக்குக் கை இல்லை. ஞானிகள் மூவரும் இன்னும் வெறும் உருண்டை. எனக்கு இது குறையாகவே தெரியவில்லை. 1223-இல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது வைக்கோல் போட்ட முன்னணையும் மாடும் கழுதையும்தான் வைத்தார். அதனால் குழந்தை இயேசுவையும் மரியாளையும் யோசேப்பையும் இந்த வருஷம் செய்தால் போதும், ஞானிகள் ஜனவரி 6 திருக்காட்சிக்குத்தானே வர வேண்டும், வேண்டுமானால் அடுத்த வருஷம் வரட்டும். காய்ந்த மேய்ப்பருக்கு ஈரக் களிமண்ணில் கை வைக்காதே, காயும்போது சுருங்கி விரிசல் விடும். கையைத் தனியாகச் செய்து, காயவைத்து, பசையால் ஒட்டு. உருவங்களை நிழலில் திருப்பித் திருப்பி வைத்துக் காயவிடு. உள்ளே ஈரம் இருக்கும்போது வண்ணம் பூசினால் உரிந்து வரும்.

மாப்பிள்ளைக்குப் பின்ன ஆரம்பித்த மஃப்ளரை உனக்கே அனுப்புகிறேன். கம்பளி நூல் இரண்டு கண்டு குறைகிறது. பழைய சீட்டில் சாய எண் இருக்கிறது, அதைக் காட்டிக் கேட்டுப் பார். அதே எண் கிடைக்காவிட்டால் சோர்ந்துபோகாதே, கொஞ்ச தூரத்துக்கு இரண்டு வரிசை பழைய நூல், இரண்டு வரிசை புது நூல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் நிறம் மாறிய இடம் தெரியாமல் கலந்துவிடும். முதலில் கடைசி இரண்டு வரிசையைப் பிரித்துவிட்டுத் திரும்பப் போடு, அப்போது உன் கை எவ்வளவு இறுக்கமாகப் போட்டதோ அந்த இறுக்கம் கைக்குப் பிடிபடும்.

ஜோயலுக்குப் போட்ட குட்டிக் கையுறை ஒன்று மட்டும் முடிந்து கிடந்தது. இனி அவன் கை அதற்குள் போகாது. இன்னொன்று போட வேண்டாம் கண்ணு, அதன் மேல் ஒரு சிவப்பு நாடா தைத்து மரத்தில் தொங்கவிடு. அதுவே முடிந்த வேலைதான்.

விடலாம் என்று சொன்னேனே, அது அந்தப் பெரிய மேசை விரிப்பு. நீ அதை எடுக்கும்போதெல்லாம் முகம் சுளித்தது எனக்குத் தெரியும். யாரோ பரிசாகக் கொடுத்த டிசைன் என்பதற்காக அதைச் சுமந்துகொண்டிருக்க வேண்டாம். நல்ல துணி, மூலையில் தைத்த கிறிஸ்துமஸ் மணி உருவங்களை மட்டும் சுற்றி வெட்டி ஃபெல்ட் துணியில் ஒட்டினால் நாலு அலங்காரம் கிடைக்கும். மீதித் துணி காலுறைக்கு உள்துணியாகும். உனக்கு மனசு வரவில்லை என்றால் சொல், அப்படியே வைத்திருக்கிறேன்.

இன்னொன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். காலுறை முடிகிற வரைக்கும் புதிதாக எந்தக் கைவேலையும் ஆரம்பிக்காதே. அக்டோபர் பிறந்தாலே அழகழகாக டிசைன்கள் கண்ணில் படும், கை துறுதுறுக்கும். உன் கை நல்ல கை. நீ போட்ட அந்தத் தேவதையின் முகத்தில் அத்தனை சின்னக் கட்டத்துக்குள் மூன்று விதமான தோல் நிறம் எப்படிக் கலந்திருக்கிறது என்று நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அவசரத்தில் அப்படிப் போட முடியாது. அந்த முகத்துக்குப் பக்கத்தில் அவசரத் தையல் வந்து உட்காருவதை நான் பார்க்க விரும்பவில்லை.

பின்துணிக்குக் கரும்பச்சை வெல்வெட்டா, சிவப்புப் பருத்தியா என்று யோசித்துச் சொல். வெல்வெட் தைக்கும்போது நழுவும், நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டுதான் மெஷினில் விட வேண்டும், ஆனாலும் எனக்கென்னவோ பச்சைதான் பிடித்திருக்கிறது. சீக்கிரம் சொன்னால் துணியை நாள்காட்டியோடு சேர்த்து அனுப்பிவிடுவேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். ஜோயலுக்குத் தாத்தாவும் பாட்டியும் முத்தம் கொடுத்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா