யூதா அரசர்களும் கல்யாண மோதிரமும்

அன்புள்ள மகளுக்கு,

போனமுறை வந்தபோது பரிஸ் நோத்ர்தாம் தேவாலய முகப்பில் வரிசையாக நிற்கிற சிலைகளைக் காட்டி, "இவையெல்லாம் பிரெஞ்சு ராசாக்களோ அம்மா?" என்று கேட்டாய். 1793இல் பிரெஞ்சுப் புரட்சிக்காரரும் அப்படித்தான் நினைத்தார்கள். நினைத்துத் தலைகளை உடைத்தும் போட்டார்கள். உண்மையில் அந்த 28 பேரும் யூதா நாட்டு அரசர்கள், யேசுவின் மூதாதையர். நீ பார்த்தவை 19ஆம் நூற்றாண்டில் மறுபடி செய்து வைத்தவை.

பழைய தலைகளில் 21 தலைகள் 1977இல் பரிசிலேயே ஒரு கட்டட வேலையின்போது மண்ணுக்குள்ளிருந்து வந்தன. இப்போது க்ளூனி மியூசியத்தில் இருக்கின்றன. ஆள் தலையை விடப் பெரியவை. மூக்கு பலருக்கு இல்லை. ஆனால் கிட்டப்போய்ப் பார்த்தால் சில கன்னங்களில் ரோஸ் நிறம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்துக் கோயில் முகப்பு வெறும் கல் நிறமில்லை, நல்ல வர்ணம் பூசியது.

அந்த மியூசியத்தில் சனம் எல்லாம் யூனிகோர்ன் என்கிற ஒற்றைக்கொம்புக் குதிரையை நெய்த சீலைக்குத்தான் ஓடுகிறது. அதுவும் அழகுதான், சரி. நான் நின்றது வேறோர் இடத்தில்: கொல்மார் புதையல். 1863இல் கிழக்கு பிரான்சின் அல்சாஸ் பகுதியில் உள்ள கொல்மாரில் ஒரு வீட்டுச் சுவருக்குள் இருந்து எடுத்தது. காசுகள், மோதிரங்கள், சட்டையில் குத்துகிற ஊசிகள். அவற்றுள் ஒரு தங்கக் கல்யாண மோதிரம். அதன் தலையில் சின்னக் கட்டடம் ஒன்று, எனாமல் பூசிய ஆறு பக்கக் கூரையோடு. பக்கத்துக்கு ஓர் எபிரேய எழுத்தாக, யூதக் கல்யாணங்களில் இன்றும் சொல்கிற 'மசல் தொவ்' வாழ்த்து.

கொள்ளைநோய் பரவியபோது, யூதர்கள் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்று கதை கட்டினார்கள். 1349இல் கொல்மார் யூதர்களை எரித்தார்கள். மோதிரத்தைச் சுவருக்குள் வைத்தவர்கள் திரும்பி வரவில்லை. 1995இல் போருக்குப் பயந்து ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அம்மம்மா அடுப்படி மூலையில் தாட்ட சங்கிலி உனக்குத் தெரியும். எங்களுக்குத் திரும்பிப்போய்த் தோண்ட ஒரு வழி இருந்தது.

எனக்கு ஆறாதது இதுதான். செத்துப்போன யூத ராசாக்களை கோயில் முகப்பில் உயரத்தில் ஏற்றி வர்ணமும் பூசினார்கள். அதே நாட்டில், 1306இல், பிரெஞ்சு அரசன் நாலாம் பிலிப், உயிரோடிருந்த யூதர்களின் சொத்தைப் பறித்துத் துரத்தினான். இரண்டும் ஒரே நூறு வருடத்துக்குள். அந்தச் சிலைகளைச் செதுக்கின காலத்தில் செய்ன் ஆற்றின் க்ளூனி இருக்கிற கரையில் அவர்களுக்கு ஒரு மயானம் இருந்தது. 1849இல் ஒரு பதிப்பகத்துக்கு அத்திவாரம் வெட்டும்போது அதன் கல்லறைக் கற்கள் வந்தன. எபிரேயத்தில் இறந்தவர் பெயர், தகப்பன் பெயர், வருடம். மியூசியத்திலிருந்து நாலு எட்டு நடந்தால் அந்த இடம்தான்.

அந்தக் கற்களில் பல இப்போது மரே பகுதியில் இருக்கிற யூத மியூசியத்தில். அங்கே இன்னும் போகவில்லை. நத்தாருக்கு நீ வந்தால் சேர்ந்து போவோம். க்ளூனி திங்கட்கிழமை பூட்டு, அதைப் பார்த்து லீவு போடு.

அன்புடன்,
அம்மா