பரமக்குடியில் இறங்கிய அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆசனவாய் சரியாக அமையாமல் பிறந்த என் மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். மலம் போவதற்காக வயிற்றில் தற்காலிகமாகப் போட்டிருந்த வழியையும் மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் அவன் முதல்முறையாகப் பின்வழியே மலம் கழித்தபோது வார்டே சிரித்தது. பிள்ளை ஆய் போனதற்கு மிட்டாய் கொடுத்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்! நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கிடக்க, தங்கள் வீட்டு அடுப்புக்கே யோசிக்கிற நேரத்தில் வசூல் செய்து கொடுத்த விசைப்படகுக்காரர்கள், ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள், காப்பீட்டு அட்டைக்கு அலைந்த அண்ணன், மூத்தவளைத் தன் பிள்ளையாகப் பார்த்துக்கொண்ட மதினி, மதுரை பெரியாஸ்பத்திரி சிஸ்டர்கள், டாக்டர்கள் எல்லோருக்கும் நன்றி.

அங்கே ஒரு டாக்டரம்மா, சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு எனக்கு விளக்கினார். ஆசனவாய்க் கோளாறு ஏறக்குறைய 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறதாம். கிரகணத்தில் வெளியே போனாயா என்று என்னைக் கேட்டவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கட்டும். முன்பெல்லாம் மலத்தை அடக்கும் தசை எங்கே இருக்கிறதென்று கண்ணால் பார்க்க முடியாமல், பெரும்பாலும் கைத்தடவலில்தான் அறுவை செய்வார்களாம். மெக்சிகோவில் ஆல்பர்ட்டோ பென்யா என்ற டாக்டர் 1980-ல் பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, பின்புறம் நட்டநடுவில் கீறித் திறந்து, மின்தூண்டலில் தசை சுருங்குவதைப் பார்த்து, அதன் மையத்திலேயே குடலைக் கொண்டுவந்து வைத்தார். இன்று பல நாடுகளிலும் செய்வது அந்த முறைதான். என் மகனுக்கும் அதுதான். இவ்வளவு செய்தும் சில பிள்ளைகளுக்கு அடக்கும் சக்தி வராமல் போகலாம், அவர்களுக்குத் தினமும் எனிமா கொடுத்துக் குடலைக் காலி செய்தால் பள்ளிக்கூடத்தில் சுத்தமாக இருக்கலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த மெக்சிகோ டாக்டருக்கும் இந்தக் கரையிலிருந்து ஒரு கும்பிடு.

ஆனால் ஒரு ஆபரேஷனுக்கும் அடுத்த ஆபரேஷனுக்கும் நடுவே பல மாதம் கிடக்கிறது. வயிற்றில் மலம் பிடிக்கிற பையோடு பிள்ளையை பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுபோய் வர வேண்டும். அதை எந்தப் படத்திலும் போட முடியாது.

அப்படிப் போன ஒருநாள், ராமநாதபுரம் தாண்டியதும் பை கழன்றுவிட்டது. பஸ் முழுக்க நாற்றம். முன்சீட்டில் மூக்கைப் பொத்தினார்கள், ஒருவர் கண்டக்டரைக் கூப்பிட்டார். எனக்குக் கை ஓடவில்லை. பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நன்றாகக் காய்ந்த சரக்கு, மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியது. அதிலிருந்து ஒரு வாடையும் வரவில்லை.

"எங் கூடைதாம்ப்பா. மழையில நனைஞ்சு போச்சு. பரமக்குடியில எறங்கிருவேன், பொறுத்துக்க" என்றார், பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி.

கண்டக்டர் அவரைத்தான் திட்டினார். இனிமேல் கூடையோடு ஏறக்கூடாது என்றார். அந்த அம்மா "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டிக்கொண்டே முந்தானையை விரித்து எனக்கு மறைப்புப் பிடித்தார். நான் துடைத்து, வேறு பை ஒட்டி முடிக்கிறவரை பிடித்த கை இறங்கவில்லை. அழுக்குத் துணியையும் என்னிடமிருந்து பிடுங்கி ஒரு கவரில் சுற்றி, தன் கூடை மேலேயே வைத்துக்கொண்டார். என்ன வியாதி, யார் செய்த பாவம், ஒன்றும் கேட்கவில்லை. "ஆம்பளப் புள்ளையா தாயி?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பரமக்குடியில் அந்தக் கவரோடு இறங்கிப் போய்விட்டார். கருவாடு விற்றுப் பிழைக்கிறவர், பஸ் முழுக்கத் தன் சரக்கு கெட்டதென்று தானே சொல்லிக்கொண்டாரே, அதை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை. உச்சிப்புளிப் பக்கம் ஏறினவர். தெரிந்தவர்கள் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

புது வழி சுருங்காமல் இருக்க இன்னும் சில மாதம் தினமும் கம்பி வைத்து விரிக்க வேண்டும். அந்த வேலைக்கு நாங்கள் பழகிவிட்டோம். மீதி இருக்கும் பைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நம் பக்கம் யார் வீட்டிலாவது இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் சொல்லி அனுப்புங்கள். பையும் தருகிறேன், மதுரைக்குப் பஸ்ஸில் கூடவும் வருகிறேன்.