தம்பிக்கு, வீட்டு கம்ப்யூட்டர் விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுகிறாய், அதனால்தான் மெயில். நீளமாகப் போகும். நிதானமாகப் படி.

கம்ப்யூட்டர் பற்றித்தான். “அந்த டப்பாவைத் தூக்கிப் போடும்மா, புதுசு வாங்கி அனுப்புறேன்” என்று தீபாவளிக்கு வந்தபோது சொன்னாய். புதுசு எதுவும் வாங்கி அனுப்பாதே. ஆர்டர் போட்டிருந்தாலும் கேன்சல் பண்ணிவிடு. பழையதே ஓடுகிறது, முன்பைவிட நன்றாக ஓடுகிறது. இந்தக் கடிதத்தை அதில்தான் அடிக்கிறேன்.

நீ ஊருக்குப் போன பிறகும் திரையில் அந்த அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது, 11-க்கு மாறுங்கள் என்று. மாறலாம் என்று பார்த்தால், உங்கள் கம்ப்யூட்டருக்கு அந்தத் தகுதி இல்லை என்று அடுத்த வரியிலேயே சொல்கிறது. இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்கவேண்டுமாம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கவேண்டுமாம். நம்முடையது நான்காம் தலைமுறை ஐ3. நீ 2014-இல் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி பார்ட் பார்ட்டாக வாங்கி, மதர்போர்டு பெட்டியை வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாயே, அதேதான். ஸ்காலர்ஷிப் பணத்தில் வாங்கியது என்று நம் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் சொல்லாத ஆள் இல்லை. அதைப் போய் டப்பா என்கிறாய்.

ஆதரவு முடிந்தது என்றால் மறுநாளே நின்றுவிடும் என்று அப்பா பயந்துவிட்டார். அப்படி இல்லை, மெஷின் பாட்டுக்கு ஓடும், பாதுகாப்பு அப்டேட் மட்டும் வராது என்று நான்தான் சொல்லிப் புரியவைத்தேன். வீட்டு உபயோகத்துக்கு இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரை, அந்த அப்டேட்டை நீட்டித்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதோடு இணைத்துவிட்டால் காசு இல்லை, வேண்டாம் என்றால் 30 டாலர். ஆனால் அது தள்ளிப்போடுவதுதானே? அடுத்த தீபாவளிக்கு மறுபடியும் இதே கவலை.

மெயின் ரோட்டில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். அந்தப் பையன் மூடியைக்கூடக் கழற்றவில்லை. “பைபாஸ் பண்ணி 11 போட்டுத் தரேன் ஆன்ட்டி, ஃபார்மட் அடிச்சிரலாமா?” என்றான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படிக் குறுக்கு வழியில் போட்டால் 11 ஓடத்தான் செய்யும், ஆனால் தகுதி இல்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்று உறுதி கிடையாது என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. அப்டேட் வேண்டும் என்றுதானே மாற்றுகிறோம்? தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நம்மிடம் டைப்பிங் ஹையர் முடித்த பையன், காளியம்மன் கோயில் பக்கம் இ-சேவை மையம் வைத்திருக்கிறானே, அவன்தான் கை கொடுத்தான். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு, அதற்குப் பதிலாக ஓட்டக்கூடிய பாஸ் லினக்ஸும் இருந்தது, அதை நோண்டி நோண்டித்தான் லினக்ஸ் படித்தேன் டீச்சர் என்றான். அந்த லேப்டாப்பை அப்போது நீ கேலி பண்ணினாய், ஞாபகம் இருக்கட்டும்.

அவன் சொன்னபடி லினக்ஸ் மின்ட் 22 போட்டோம், எக்ஸ்எஃப்சிஇ வகை. பழைய மெஷினுக்கு அதுதான் கனமில்லாதது. 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. நிறுவுவதற்கு முன்பே பென்டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம், ஹார்ட் டிஸ்கைத் தொடவே தொடாது. அப்படி ஓட்டி வைஃபை, சவுண்டு, தமிழ் எல்லாம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் சரி என்றேன். 4 ஜிபி ராமோடு இன்னொரு 4 ஜிபி பழைய குச்சி ஒன்றைச் செருகினோம். ஹார்ட் டிஸ்கைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்று வாங்கினோம், அதுதான் பெரிய மாற்றம். முன்பு சுவிட்சைப் போட்டுவிட்டு அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வருவேன். இப்போது நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திறந்துவிடுகிறது.

பேக்கப் எடுத்தாயா என்றுதான் முதலில் கேட்பாய். எடுத்தேன். எடுக்காமல் செய்வேனா? நிறுவும்போது டிஸ்கை அழித்துவிட்டு நிறுவு என்று ஒரு வாய்ப்பு வரும், அசந்து மறந்து அதைச் சொடுக்கினால் டி டிரைவும் சேர்ந்து போய்விடும். அதனால் பழைய ஹார்ட் டிஸ்கின் கேபிளையே கழற்றி வைத்துவிட்டு எஸ்எஸ்டியில் மட்டும் நிறுவினோம். பிறகு பழையதை மாட்டினால், ஃபைல் எல்லாம் தெரிகிறது, ஆனால் எதையும் மாற்றவோ சேர்க்கவோ விடவில்லை. நான் பதறிவிட்டேன். விஷயம் என்னவென்றால், விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக மூடுவதில்லையாம், அடுத்த முறை வேகமாகத் திறப்பதற்காகப் பாதி தூக்கத்தில் வைத்திருக்குமாம். மறுபடி விண்டோஸுக்குள் போய், ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்த பிறகுதான் டிஸ்க் நம் பேச்சைக் கேட்டது.

நீயும் உன் லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் ஒரு தனி டிஸ்கில் எடுத்து வைத்துக்கொள். ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த ஃபைல் வைத்திருந்தால் அதையும். அது அவர்கள் பொருள், என்றைக்கு வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம்.

தமிழ்தான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. வினாத்தாள் எல்லாம் பாமினி எழுத்துருவில்தானே அடித்து வைத்திருக்கிறேன். வேர்டுக்குப் பதிலாக இதில் இருக்கிற லிப்ரே ஆபீஸில் திறந்தால் வயிறு கலங்கிவிட்டது. பக்கம் பூராவும் ஆங்கில எழுத்து, புள்ளி இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி. பிறகுதான் உறைத்தது, எழுத்துரு இல்லாவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் அது அப்படித்தான் தெரியும். பழைய டிஸ்கில் இருந்து பாமினியை எடுத்துப் போட்டதும் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. இனிமேல் அடிப்பது யூனிகோடில். அந்தப் பையன் எம்17என் என்ற ஒன்றை நிறுவிக் கொடுத்தான், அதில் தமிழ்99, ஃபொனடிக், பழைய டைப்ரைட்டர் எல்லா விசைப்பலகையும் இருக்கிறது. எல்லாரும் தமிழ்99-க்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாம்தான். ஆனால் கொம்பை முதலில் தட்டிவிட்டு அப்புறம் எழுத்தைத் தட்டிப் பழகிய விரல், எழுத்தை முதலில் தட்டு என்றால் கேட்கமாட்டேன் என்கிறது. நான் டைப்ரைட்டரிலேயே இருக்கிறேன்.

அக்கா வீட்டு கம்ப்யூட்டர் கதை வேறு. அது எட்டாம் தலைமுறை, இருந்தும் தகுதி இல்லை என்றே வந்ததாம். பயாஸ் செட்டிங்ஸுக்குள் போய் பிடிடி என்று இருப்பதை (இன்டெலில் டிபிஎம்முக்கு அந்தப் பெயர்) ஆன் செய்ததும் 11 ஏறிக்கொண்டது. மாப்பிள்ளை அதற்குள் புதுசுக்கு விலை விசாரித்துவிட்டார். ரெகவரி கீயை ஒரு தாளில் எழுதி பீரோவில் வை என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். டிஸ்க் தானாகப் பூட்டிக்கொண்டால் அந்தச் சாவி இல்லாமல் யார் வந்தாலும் திறக்க முடியாது.

அப்பாவின் ஜீவன் பிரமாண், பென்ஷனுக்கான வாழ்நாள் சான்று, நவம்பரிலேயே முடிந்துவிட்டது. கைரேகை மெஷினும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம், போனில் முகத்தைக் காட்டினால் போதும் என்று ஆகிவிட்டது. கண்ணைச் சிமிட்டச் சொன்னதற்கு அவர் கையையும் ஆட்டினார்.

அப்புறம், டவுன்லோட்ஸில் உன்னுடைய ஃபைல்கள் சில இருந்தன. எஸ்எஸ்டிக்கு மாற்றும்போது பார்த்தேன். பெயரைப் பார்க்காமல் காப்பி பண்ண முடியாதே. திறக்கவில்லை. தீபாவளிக்கு மறுநாள் அதிகாலை இரண்டு மணி என்று காட்டுகிறது. மெஷின் கடிகாரம் பின்தங்கிக் கிடந்தது அல்லவா, அதனால் தேதி தப்பாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நீ வந்த அன்று சாயங்காலமே அந்தப் பொட்டு பேட்டரியை மாற்றிவிட்டாய். தனி ஃபோல்டரில் உன் பெயர் போட்டு வைத்திருக்கிறேன், அப்பா கண்ணில் படாது. எங்கே அனுப்புவதாக இருந்தாலும் பிடிஎஃப் ஆக்கி அனுப்பு. வேர்டாக அனுப்பினால் வேறொரு கம்ப்யூட்டரில் வரி மடிந்து, கட்டம் குலைந்து, நீ செய்யாத தப்பு எல்லாம் அதில் தெரியும். இரண்டு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். முப்பது வருஷம் ஊர் உலகத்துக்கெல்லாம் அடித்துக் கொடுத்தவள் சொல்கிறேன், ஸ்பெல்லிங்கை இன்னொரு கண் பார்ப்பது நல்லது. என் கண் இருக்கிறது.

பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய். சரி. கடலைமிட்டாய் பார்சல் போட்டேனே, வந்ததா? வந்தது என்றுகூடச் சொல்லவில்லை. முன்பெல்லாம் போன் பண்ணினால், எடுத்த உடனே “மீட்டிங்ல இருக்கேம்மா” என்பாய், எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அந்த வார்த்தையையே காணோம். பகல் பதினோரு மணிக்குப் பண்ணினாலும் எடுக்கிறாய், எடுத்துவிட்டுப் பேசமாட்டேன் என்கிறாய். எப்படியும் இருக்கட்டும்.

மாதாமாதம் அனுப்புகிற பணத்தைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவை. கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. அப்பா பென்ஷன் வருகிறது, தபால் ஆபீஸ் வட்டி வருகிறது, எங்கள் இரண்டு பேருக்கு என்ன செலவு? நீ அனுப்பியது அப்படியே கணக்கில் கிடக்கிறது. வீட்டு லோனுக்கு வேண்டும் என்றால் ஒரு வரி எழுது, திருப்பிப் போட்டுவிடுகிறேன். ஒரு வரி போதும், காரணம் எல்லாம் எழுதவேண்டாம். புதுக் கம்ப்யூட்டர் மட்டும் வாங்காதே, மறுபடியும் சொல்கிறேன்.

பிரிண்டர்தான் இன்னும் மசியவில்லை. அந்தப் பழைய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் பேருக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் அடித்துவிட்டு நின்றுவிடுகிறது. அப்புறம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் இன்னொரு பக்கம். இ-சேவை பையனும் கையை விரித்துவிட்டான். போனில் சொல்லித் தீர்கிற வேலையாகத் தெரியவில்லை, நீ வந்து உட்கார்ந்து பார்த்தால்தான் ஆகும். சனி ஞாயிறுதான் வரவேண்டும் என்று இல்லை. செவ்வாயோ புதனோ, எப்போது தோதுப்படுகிறதோ அப்போது கிளம்பு. வார நாளில் நாகர்கோவில் வண்டியில் இடம் கிடைக்கும். துணிமணி கூடவே எடுத்துக்கொண்டு வா, வந்த காலோடு திரும்பவேண்டாம். மாடி அறையில் வைஃபை நன்றாக எடுக்கிறது, பகலில் யாரும் அங்கே வரமாட்டார்கள்.

வேலை நாளில் எதற்கு வந்திருக்கிறான் என்று அப்பா கேட்கமாட்டார். பிரிண்டரைப் பார்க்க நான்தான் வரச் சொல்லியிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
அம்மா