செயற்கைக்கோளுக்கான நிதியில் கோட்டு அட்டவணைக்கும் பங்கு வேண்டும்

வளிமண்டல ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். ஹைட்ரான் (HITRAN) தரவுத்தளத்தை அன்றாடம் பயன்படுத்துபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு வாயுவும் எந்தெந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுகிறது என்பதைக் கோடு கோடாகப் பட்டியலிடும் அட்டவணை அது; செயற்கைக்கோள் பிடிக்கும் ஒளியை வாயுவின் அளவாக மாற்ற இந்த அட்டவணைதான் வேண்டும். அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் பிறந்து, 1973-இல் ஏழு மூலக்கூறுகளோடு வெளிவந்த தொகுப்பு அது. இன்று ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தில் இருக்கிறது. 2020 பதிப்பில் 55 மூலக்கூறுகள். பிரான்சின் கெய்சா (GEISA) தொகுப்பும் 1970-கள் தொட்டு இதே பணியைச் செய்கிறது.

அதில் ஒரு வரியை எடுத்துப் பாருங்கள். ஒரு நிறமாலைக் கோட்டின் அலையெண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை), 296 கெல்வினில் அதன் செறிவு (அந்தக் கோட்டில் உறிஞ்சுதல் எவ்வளவு வலுவானது என்பது), காற்றழுத்தத்தால் அது எவ்வளவு அகலும், எவ்வளவு நகரும் என எல்லாம் எண்களாக இருக்கும். வரியின் கடைசிப் பகுதியில் பிழைக் குறியீடுகள். செறிவுக்கு 8 என்றிருந்தால் பிழை 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 3 என்றால் 20 விழுக்காடோ அதற்கு மேலோ. 0 என்றால் பிழை எவ்வளவு என்றே பதிவாகவில்லை. உங்களிடம் விண்ணப்பம் வரும்போது, அந்தத் திட்டம் நம்பியிருக்கும் கோடுகளுக்கு எந்த எண் போட்டிருக்கிறது என்று கேட்டதுண்டா?

2014-இல் ஏவப்பட்ட நாசாவின் ஓசிஓ-2 (OCO-2) செயற்கைக்கோள், காற்றில் பத்து லட்சத்துக்கு சுமார் 400 பங்கு இருக்கும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கு அளவிலான வேறுபாட்டைப் பிடிக்க வேண்டும். அதாவது கால் விழுக்காடு. கருவி எத்தனை நுட்பமாக இருந்தாலும், அட்டவணையில் பதிந்த கோட்டின் வடிவத்தில் உள்ள பிழை அப்படியே முடிவில் வந்து உட்காரும்.

ஓசோன் விவகாரம் இன்னும் தெளிவானது. புற ஊதாவில் அளந்த ஓசோனும், 10 மைக்ரான் அகச்சிவப்பில் அளந்த ஓசோனும் பல ஆண்டுகளாகச் சுமார் 4 விழுக்காடு ஒத்துவராமல் கிடந்தன. காற்று ஒன்றுதான், கணக்குதான் இரண்டு. ஆய்வகங்களில் மறுபடி பொறுமையாக அளந்த பிறகே, 2020 பதிப்பில் அகச்சிவப்புச் செறிவுகள் சுமார் 3 விழுக்காடு உயர்த்தப்பட்டு இடைவெளி பெரிதும் குறைந்தது. புதிய செயற்கைக்கோள் எதுவும் இதைத் தீர்க்கவில்லை. வாயுக்கலமும், ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் தீர்த்தார்கள்.

அப்படிப்பட்டவர்களின் விண்ணப்பத்தை ‘புதுமை இல்லை’ என்று குறிப்பெழுதி ஒதுக்காதீர்கள். ஏற்கெனவே அளந்த கோட்டை இன்னும் துல்லியமாக அளப்பதும் ஆராய்ச்சிதான். தொகுப்பைப் பராமரிப்பவர்களை மானியத்துக்கு மானியம் தாவ விடுவதும் சரியல்ல. எந்த அளவீட்டை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்கும் அனுபவம், ஆள் விலகினால் கூடவே போய்விடும். அதை ஆவணத்தில் எழுதி வைத்துவிட முடியாது.

ஆகவே என் கோரிக்கை இது. அடுத்து நீங்கள் அறிவிக்கும் ஒவ்வொரு செயற்கைக்கோள் திட்டத்திலும், வடிவமைப்புக் கட்டத்திலேயே ஆய்வக அளவீட்டுக்கென்று தனித் தொகை ஒதுக்குங்கள். தொகுப்புகளைப் பராமரிக்க நிரந்தரப் பணியிடங்களை உருவாக்குங்கள். தரவைப் பயன்படுத்தும் கட்டுரைகள், தொகுப்பின் பெயரோடு நிற்காமல் மூல அளவீட்டைச் செய்தவர்களையும் மேற்கோள் காட்ட வேண்டும் என்பதை நிதி நிபந்தனையாகவே சேருங்கள்.

இப்படிக்கு,
வளிமண்டல நிறமாலை ஆய்வாளன் ஒருவன்